பள்ளியை ஆராயும் பிள்ளைகள்: இன, சமயச் சமத்துவ ஆய்வில் பதின்ம வயதினரோடு வேலை செய்வது

"உன் இனம் அல்லது மதம் காரணமாகப் பள்ளியில் எப்போதாவது பாகுபாட்டுக்கு ஆளாகியிருக்கிறாயா? ஆம் / இல்லை."

சமத்துவ ஆய்வு என்று ஒரு பள்ளி தொடங்கினால் பெரியவர்கள் எழுதும் முதல் கேள்வி கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். பதினான்கு வயதுப் பிள்ளை இதைப் பார்த்ததும் 'இல்லை' என்று ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். தாள்களை எண்ணுவார்கள். "நம் பள்ளியில் அப்படியெல்லாம் கிடையாது" என்று அறிக்கை எழுதி முடித்துவிடுவார்கள்.

அந்த 'இல்லை'க்குள் எத்தனையோ அடங்கியிருக்கும். பாகுபாடு என்பது செய்தித்தாளில் வருகிற பெரிய சொல், தனக்கு நடந்தது அந்த அளவுக்கு இல்லை என்று ஒரு பிள்ளை நினைத்திருக்கலாம். 'ஆம்' என்றால் பாவப்பட்டவர்கள் வரிசையில் தன்னையும் சேர்த்துவிடுவார்கள் என்ற கூச்சம் இருந்திருக்கலாம். பக்கத்து இருக்கைக்காரன் எட்டிப் பார்த்திருக்கலாம். 'எப்போதாவது' என்றால் ஒன்றாம் வகுப்பில் நடந்ததா, நேற்று நடந்ததா என்று குழம்பியிருக்கலாம். போதாததற்கு இனமும் மதமும் ஒரே கேள்விக்குள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன.

இதே கேள்வியைப் பத்து மாணவர்கள் கையில் கொடுத்து, "உங்கள் வகுப்பில் எல்லாரும் உண்மையாகப் பதில் எழுதுகிற மாதிரி மாற்றித் தாருங்கள்" என்று கேட்டால், ஒரு பாடவேளைக்குள் உடைத்துப் போட்டுவிடுவார்கள். "கடந்த நான்கு வாரங்களில், நீ திருத்திச் சொன்ன பிறகும் உன் பெயரை யாராவது தவறாகவே சொன்னார்களா?" "விடுமுறையில்லாத உன் பண்டிகை நாளில் தேர்வு வைத்தார்களா?" "முடி, தலையில் அணிவது, கையில் கட்டுவது பற்றி யாராவது உன்னைக் கூப்பிட்டுக் கேட்டார்களா? யார்?" இப்படி வரும்.

கேள்வியின் முகம் எந்தப் பக்கம் திரும்பிவிட்டது என்று பார்க்க வேண்டும். முதல் கேள்வி பிள்ளையை ஆராய்கிறது. அடுத்தவை பள்ளி எப்படி நடக்கிறது என்று ஆராய்கின்றன. பதின்ம வயதினரை இந்த மாதிரி ஆய்வில் சேர்ப்பதன் முழுப் பயனும் இந்தத் திருப்பத்தில் இருக்கிறது. அவர்களைத் தங்கள் காயத்தைக் காட்டும் சாட்சிகளாக உட்கார வைத்தால், பெரியவர்கள் ஏற்கெனவே ஊகித்ததைத் தாண்டி எதுவும் வராது. பிள்ளைகளுக்கும் அதில் கெடுதல் உண்டு. 1940களில் அமெரிக்காவில் உளவியலாளர்கள் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி நடத்திய பொம்மை ஆய்வு நினைவுக்கு வருகிறது. வெள்ளை, பழுப்பு நிறப் பொம்மைகளைக் காட்டி "எது நல்ல பொம்மை, எது உன்னைப் போல இருக்கிறது?" என்று கறுப்பினக் குழந்தைகளிடம் கேட்டார்கள். 1954இல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது அந்த ஆய்வுக்கும் அதில் பங்கு இருந்தது. ஆனால் கடைசிக் கேள்வி வந்ததும் சில குழந்தைகள் அழுதுகொண்டு அறையை விட்டு ஓடியதைக் கென்னத் கிளார்க்கே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பெரிய நன்மை விளைந்த ஆய்வுதான். அந்த அறையில் இருந்த குழந்தைக்கு அது எப்படி இருந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

முதலில் தலைமையாசிரியர் அறை

பிள்ளைகளைத் திரட்டுவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. தலைமையாசிரியரோடு உட்கார்ந்து ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுவது. ஐந்து விஷயங்கள் அதில் வேண்டும். இந்த ஆய்வின் பேரில் எதையெல்லாம் மாற்றப் பள்ளி தயார். எதை மாற்றப் பள்ளிக்கே அதிகாரம் இல்லை (பொதுத் தேர்வுத் தேதிகள், சட்டம்). எந்தப் பதிவேடுகளைப் பெயர் நீக்கித் தருவார்கள். முடிவுகளை யார் நேரில் உட்கார்ந்து கேட்பார்கள். எந்தத் தேதிக்குள் எழுத்தில் பதில் தருவார்கள்.

"முதலில் ஆய்வு வரட்டும், பிறகு பார்ப்போம்" என்று சொன்னால், எங்கள் கணிப்பில், தொடங்காமல் இருப்பதே நல்லது. பன்னிரண்டு வாரம் உழைத்துக் கொடுத்ததை அலமாரியில் வைத்துப் பூட்டினால், இனி வாய் திறந்து பயனில்லை என்ற பாடத்தைப் பள்ளியே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது போல ஆகும்.

1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லவும், வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்புப் பெறவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. பலரும் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதனால்தான் குழந்தை உரிமை ஆய்வாளர் லாரா லண்டி 2007இல் இந்தப் பிரிவை இடம், குரல், கேட்பவர், தாக்கம் என்று நான்காகப் பிரித்துக் காட்டினார். பள்ளிகளில் முதல் இரண்டும் எளிதாகக் கிடைத்துவிடும். தடுக்கி விழுவதெல்லாம் பின்னிரண்டில்தான். குழந்தைகளின் பங்கேற்பு எவ்வளவு உண்மையானது என்று காட்ட, ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதிய எட்டுப் படி ஏணியில், கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பு என்ற கணக்கிலேயே அவர் சேர்க்கவில்லை. இரண்டாம் படிக்கு அலங்காரம் என்று பெயர். பல நிறப் பிள்ளைகள் சிரிக்கும் படத்தை அட்டையில் போட்டு, உள்ளே முழுக்கப் பெரியவர்களே எழுதிய அறிக்கை எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

யாரைச் சேர்ப்பது

கடைசிவரை எட்டுப் பேர் வேண்டுமென்றால் பதினொன்று அல்லது பன்னிரண்டு பேரோடு தொடங்க வேண்டும். தேர்வு நெருங்கும்போது இரண்டு மூன்று பேர் கழன்றுகொள்வார்கள். கூட இரண்டு பெரியவர்கள். இருவரில் ஒருவராவது அந்தப் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போடாதவராக இருக்க வேண்டும். மதிப்பெண் போடுகிறவர் முன்னால் அவர் சகாக்களைப் பற்றி எந்தப் பிள்ளை பேசும்?

ஆசிரியர்களிடம் ஆள் கேட்டால் வகுப்புத் தலைவர்களையும் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவர்களையும் அனுப்பிவைப்பார்கள். அவர்களும் வரட்டும். ஆனால் பாதி இடங்களையாவது திறந்த அழைப்பில் நிரப்பி, மிச்சத்தில் சிலவற்றை அடிக்கடி வகுப்பை விட்டு வெளியே அனுப்பப்படும் மாணவர்களுக்கு ஒதுக்கலாம். விதிகளின் மறுபக்கம் அவர்களுக்குத்தான் தெரியும். பெரும்பான்மைச் சமூகத்துப் பிள்ளைகள் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இது 'அவர்களுடைய' குழு என்றாகிவிடும். சேர்ந்த ஒவ்வொருவர் நெற்றியிலும் ஒரு முத்திரை விழும்.

ஒரு நம்பிக்கையைச் சேர்ந்த ஒரே மாணவர் அந்த வகுப்பில் இருக்கிறார் என்று வையுங்கள். "நீ வந்தால் உங்கள் ஆட்கள் சார்பாகவும் ஒரு குரல் இருக்கும்" என்று அவரிடம் சொல்லவே கூடாது. ஆண்டு முழுக்க எல்லாரும் அவரிடம் கேட்பது அதைத்தான். ஒரு முறை அழைக்கலாம். வேண்டாம் என்றால் இரண்டாம் முறை கேட்கக் கூடாது.

எந்த நேரத்தில் கூடுவது என்பதும் சமத்துவக் கேள்விதான். மாலையில் வைத்தால் பள்ளிப் பேருந்தை நம்பியிருப்பவர்கள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்பவர்கள், சமய வகுப்புக்குப் போகிறவர்கள் விழுந்துபோவார்கள். மதிய இடைவேளையில் வைத்தால் தொழுகைக்குப் போகிறவர்களுக்கு இடிக்கும். வாரம் ஒரு பாடவேளை, வெவ்வேறு பாடங்களிலிருந்து சுழற்சி முறையில், தலைமையாசிரியர் கையெழுத்தோடு வாங்குவதுதான் சரிப்பட்டு வரும். பன்னிரண்டு வாரத்தில் இரண்டு வாரம் பழகுவதற்கும் பயிற்சிக்கும், மூன்று வாரம் கேள்வி எழுதி ஒத்திகை பார்ப்பதற்கும், மூன்று வாரம் தகவல் திரட்டுவதற்கும், மூன்று வாரம் பகுத்துப் பார்ப்பதற்கும், ஒரு வாரம் அறிக்கைக்கும் போகும். பகுத்துப் பார்க்கும் வேலைக்கு எல்லாரும் ஒரே வாரம் ஒதுக்கிவிட்டுப் பிறகு திண்டாடுவார்கள்.

ஒப்புதல் இரண்டு. பெற்றோருடையது ஒன்று, பிள்ளையினுடையது ஒன்று. அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார் என்பதற்காக மகள் பேசியாக வேண்டியதில்லை. கடிதம் வீட்டில் பேசும் மொழியில் இருக்க வேண்டும். அதைப் பிள்ளையே மொழிபெயர்த்துச் சொல்கிற நிலையை உண்டாக்கக் கூடாது. பிள்ளைகளின் பதில்களைப் பெற்றோருக்குக் காட்ட மாட்டோம் என்று கடிதத்தில் தெளிவாக எழுத வேண்டும். பெற்றோரின் நம்பிக்கையைத் தான் ஏற்கவில்லை என்று முதன்முதலாக ஒரு தாளில் எழுதும் பிள்ளை எந்தப் பள்ளியிலும் இருக்கும். 'எப்போது வேண்டுமானாலும் விலகலாம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லவும் கூடாது. பெயரில்லாத தாள் பெட்டிக்குள் விழுந்துவிட்டால் யாராலும் அதைத் தேடி எடுக்க முடியாது. நேர்காணல் என்றால் பெயர் நீக்கும் தேதிவரை திரும்பப் பெறலாம். அந்தத் தேதியையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

'இனம்' என்ற சொல் படுத்தும் பாடு

கேள்வித்தாள் தமிழில் என்றால் இந்தச் சிக்கல் கட்டாயம் வரும். 'இனம்' என்றதும் ஒரு பிள்ளை தோல் நிறத்தை நினைக்கும், இன்னொன்று மொழியை, மற்றொன்று சாதியை. மூன்றுமே தவறில்லை. 1965ஆம் ஆண்டின் இனப் பாகுபாட்டு ஒழிப்பு உடன்படிக்கையில் வரும் 'வம்சாவளி' என்ற சொல்லுக்குள் சாதியும் அடங்கும் என்று அதன் ஐ.நா. குழுவே 2002இல் விளக்கம் தந்திருக்கிறது. ஆனால் ஆளுக்கொரு பொருளில் எடுத்துக்கொண்டு பதில் எழுதினால், கூட்டிப் பார்க்கும்போது என்ன எண்ணினோம் என்றே தெரியாது.

இதற்கு வழி, அந்தப் பெயர்ச்சொல்லையே தூக்கிவிடுவது. "கீழே உள்ளவற்றில் எதைப் பற்றியாவது கேலி அல்லது குறைவான பேச்சைக் கேட்டாயா?" என்று கேட்டுவிட்டு, தோல் நிறம், முடி, பெயர், பேசும் விதம், குடும்பம் எங்கிருந்து வந்தது, சாதி, வழிபாடு, உடை, விரதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம் கொடுக்கலாம். இதில் இன்னொரு நன்மை உண்டு. தோற்றத்தை வைத்து வேறொரு மதம் என்று தவறாக நினைத்துத் திட்டப்பட்ட பிள்ளைக்கும் பதில் எழுத ஓரிடம் கிடைக்கும். இனமும் மதமும் கலந்து வரும் அந்த மாதிரி அனுபவத்துக்கு, இரண்டையும் தனித்தனிப் பகுதியாக வைக்கும் கேள்வித்தாளில் இடமே இருக்காது.

நம்பிக்கையைக் கேட்கும் இடத்தில் 'எந்த மதமும் இல்லை' என்பதையும் 'சொல்ல விருப்பமில்லை' என்பதையும் ஒரே கட்டத்தில் போடக் கூடாது. முன்னது ஒரு பதில், பின்னது ஒரு கதவடைப்பு. இந்த அடையாளக் கேள்விகள் எல்லாமே தாளின் கடைசியில்தான் வர வேண்டும். முதலிலேயே கேட்டால், அதன் பிறகு வரும் ஒவ்வொரு பதிலையும் 'எங்கள் ஆட்கள்' என்ற நினைப்போடு எழுதத் தொடங்குவார்கள். தேவையில்லாததைக் கேட்கவும் வேண்டாம். 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள் இனத்தையும் மத நம்பிக்கையையும் தனிக் காவல் தேவைப்படும் தகவல்களாக வைத்திருக்கின்றன. அந்த விதி பொருந்தாத இடத்திலும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

மொத்தம் பன்னிரண்டு முதல் பதினைந்து கேள்வி. பத்து நிமிடத்தில் முடிய வேண்டும். 'எப்போதாவது, அடிக்கடி' என்பதற்குப் பதில் 'ஒரு முறையும் இல்லை, ஓரிரு முறை, வாரம் ஒரு முறையாவது, கிட்டத்தட்ட தினமும்' என்ற அளவு.

பிறகு ஒத்திகை. ஆய்வில் வராத ஒரு வகுப்பிலிருந்து ஐந்து பேரைக் கூப்பிட்டு, கேள்வியைப் படிக்கும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதச் சொல்ல வேண்டும். உட்கார்ந்து யோசித்தால் தட்டுப்படாத ஓட்டைகள் இதில் தட்டுப்படும். 'ஆசிரியர் யாராவது' என்ற கேள்விக்கு ஒருவர் "வாத்தியார் இல்லை, வாசலில் நிற்கிறவர்தான் சொன்னார்" என்று முணுமுணுத்துக்கொண்டே 'இல்லை'யில் கோடு போடுவார். வாயிற்காவலர், பேருந்து ஓட்டுநர், அலுவலக ஊழியர் எல்லாரும் கேள்விக்கு வெளியே நின்றுவிட்டது அப்போதுதான் தெரியும். 'பள்ளியில் வேலை செய்யும் பெரியவர்கள்' என்று மாற்றிக்கொள்ளலாம்.

தாளை நிரப்பும் அறையில் ஒரு சின்ன விஷயம். நடந்தது எதுவும் இல்லாதவர் இரண்டு நிமிடத்தில் பேனாவை மூடிவிடுவார். சொல்ல விஷயம் உள்ளவர் எழுதிக்கொண்டே இருப்பார். எழுதுகிறவர் யார் என்பதே வகுப்புக்கு ஒரு அறிவிப்பு. அதனால் கடைசிப் பக்கத்தில் எல்லாருக்கும் பொதுவாக, "மதிய இடைவேளையில் ஒரு மாற்றம் செய்யலாம் என்றால் என்ன செய்வாய்? ஆறு வரிகள் எழுது" என்பது போல ஒன்று வையுங்கள். எல்லாப் பேனாக்களும் ஓடும்.

பதிவேட்டில் இருப்பது

கேள்வித்தாளைவிட இந்தப் பகுதிதான் பிள்ளைகளை அதிகம் இழுக்கும். பள்ளி ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதை எண்ணிப் பார்க்கும் வேலை இது. யார் வகுப்பை விட்டு வெளியே அனுப்பப்பட்டார்கள், பரிசு யாருக்கு, அணித்தலைவர்கள் யார், மேல்நிலைப் பாடப் பிரிவில் யாருக்கு இடம், எந்தப் பண்டிகைகளில் தேர்வு விழுந்தது. பெயரை நீக்கி, ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு எண் கொடுத்து, எந்த இன அல்லது நம்பிக்கைப் பிரிவு என்று குறித்துத் தரும் வேலை அலுவலகத்துடையது. மூலப் பதிவேடு மாணவர் கைக்கு வரக் கூடாது.

ஒரு கணக்கைக் கற்பனையாகப் போட்டுப் பார்ப்போம். பள்ளியில் 600 பேர். 'அ' பிரிவில் 150, மற்றவர்கள் 450. ஒரு பருவத்தில் வகுப்பை விட்டு வெளியே அனுப்பிய நிகழ்வுகள் 40. அதில் 'அ' பிரிவு 20, மற்றவர்கள் 20. "பாதிக்குப் பாதி, சமம்தானே" என்று யாராவது சொல்வார்கள். தலைக்கு வகுத்தால் 'அ' பிரிவில் 100 பேருக்கு 13.3 நிகழ்வு, மற்றவர்களில் 4.4. மூன்று மடங்கு. குழு துள்ளி எழும்.

அங்கேயே நிறுத்தாமல், எத்தனை நிகழ்வு என்பதோடு எத்தனை ஆள் என்றும் எண்ணச் சொல்ல வேண்டும். 'அ' பிரிவின் 20இல் 9 முறை ஒரே மாணவர், மிச்சம் 11 பேர் ஆளுக்கொரு முறை என்றால் ஆள் கணக்கு 12, அதாவது 8 சதவீதம். மற்ற பிரிவில் 20 நிகழ்வுக்கு 18 பேர் என்றால் 4 சதவீதம். மூன்று மடங்கு இரண்டு மடங்காகிறது. வேறுபாடு மறைந்துவிடவில்லை. ஆனால் இப்போது கையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பிரிவுக்குப் பிரிவு ஏன் இந்த இரண்டு மடங்கு? அந்த ஒருவரை ஒன்பது முறை வெளியே அனுப்பியும் பள்ளி வேறு எதையும் ஏன் முயலவில்லை? முதல் கணக்கோடு ஆசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்தால், "அது அந்த ஒரு பையன்" என்று யாரோ ஒருவர் சொன்னதும் மொத்த ஆய்வும் சரிந்திருக்கும்.

காரணம் எழுதும் கட்டத்தையும் பார்க்க வேண்டும். 'கைபேசி வைத்திருந்தார்' என்பது யார் பார்த்தாலும் ஒன்றுதான். 'மரியாதையின்மை', 'திமிர்' என்பவை பார்க்கிறவரைப் பொறுத்தவை. இந்த இரண்டு வகையையும் பிரித்து, எந்தப் பிரிவு மாணவர்களுக்கு எந்த வகைக் காரணம் அதிகம் என்று பார்த்தால், விதி எங்கே வளைகிறது என்பது பிடிபடும்.

இதோடு பள்ளியின் தரைப்படம் ஒன்றைப் பெரிய தாளில் அச்சிட்டு, நிம்மதியான இடத்துக்குப் பச்சைப் புள்ளி, தவிர்க்கும் இடத்துக்குச் சிவப்புப் புள்ளி ஒட்டச் சொல்லலாம். பதினைந்து நிமிட வேலை. புள்ளிக்குப் பக்கத்தில் நேரத்தையும் எழுதச் சொல்ல வேண்டும். படிக்கட்டு காலையில் பச்சையாகவும் மணி அடித்து விடும்போது சிவப்பாகவும் இருக்கலாம். 1990களில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் இருவரும் வளர்த்தெடுத்த புகைப்பட முறையும் (பங்கேற்பவர்களே தங்கள் சூழலைப் படமெடுத்துக் காட்டுவது) நன்றாக ஓடும். முகம் எடுக்கக் கூடாது என்ற ஒரே விதியோடு அனுப்பினால், சுவரில் மாட்டிய தலைவர் படங்கள், நூலக அடுக்கு, 'வழிபாட்டு அறை' என்று பலகை தொங்கும் பூட்டிய கதவு என்று எடுத்துவருவார்கள்.

கேட்பவர்களும் பிள்ளைகளே

குழு உரையாடலுக்கு ஐந்து ஆறு பேர், நாற்பது நிமிடம். கேட்க ஒருவர், குறிப்பெடுக்க ஒருவர். தங்கள் வகுப்புக்கோ உடன்பிறந்தவர் வகுப்புக்கோ போகக் கூடாது. முதல் பயிற்சி, கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் ஐந்துவரை எண்ணுவது. பதினைந்து வயதில் இதைவிடக் கடினமான வேலை இல்லை. இரண்டாவது, "எனக்கும் அப்படித்தான்" என்று குறுக்கே விழாமல் இருப்பது. பதிவு செய்வதென்றால் பள்ளியின் கருவியில் மட்டும். சொந்தக் கைபேசியில் ஒரு நொடிகூட வேண்டாம்.

'இது ரகசியம்' என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது. தொடங்கும்போதே இப்படிச் சொல்லப் பழக்க வேண்டும்: "நீங்கள் சொல்வதைப் பெயரில்லாமல்தான் பயன்படுத்துவோம். ஆனால் யாருக்காவது ஆபத்து என்று தெரிந்தால், பொறுப்பான பெரியவரிடம் சொல்லியாக வேண்டும்." அப்படி ஒன்று வந்தால் அன்றே ஒப்படைத்துவிட வேண்டும், மாணவ ஆய்வாளர் அதை வீட்டுக்குச் சுமந்துபோகக் கூடாது. பொறுப்பான பெரியவர் இருவர் வேண்டும். சொல்லப்படும் பெயர் அவர்களில் ஒருவருடையதாகவே இருந்துவிட்டால்?

ஆசிரியர் பெயர்கள் ஆய்வுக்குள் வரக் கூடாது. 'ஒரு பாட ஆசிரியர்', 'அலுவலகத்தில் ஒருவர்' என்றே எழுத வேண்டும். பெயரோடு சொல்ல விரும்புகிறவருக்குப் புகார் வழியைக் காட்ட வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று கலந்தால் ஆசிரியர் அறை முழுவதும் இந்த ஆய்வுக்கு எதிராகக் கதவைச் சாத்திக்கொள்ளும். அதனால், தாள் கொடுப்பதற்கு முந்தைய வாரம் பெரியவர்கள் ஆசிரியர்களோடு உட்கார்ந்து கேள்வித்தாளையே காட்டிவிடுவது நல்லது. இந்த வேலையைப் பிள்ளைகள் தலையில் கட்டக் கூடாது.

வசைச்சொற்களை என்ன செய்வது என்று கட்டாயம் விவாதம் வரும். பூட்டி வைக்கும் குறிப்பில் கேட்டது கேட்டபடி எழுதலாம். 'கெட்ட வார்த்தை' என்று மழுப்பினால் ஆறு மாதம் கழித்து அது என்னவென்று யாருக்கும் தெரியாது. அறிக்கையில் 'தோல் நிறத்தை இழிவுபடுத்தும் சொல்' என்று போதும். கூட்டத்தில் அதை உரக்கப் படித்தால் மறுநாளே அது நடைக்கூடத்தில் புதிதாகப் புழங்கும்.

கேட்கும் பிள்ளைக்குத் தனக்கு நடந்ததே திரும்பக் காதில் விழும். வாரத்துக்கு இரண்டு உரையாடலுக்கு மேல் ஒருவருக்கு வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பிறகு கால் மணி நேரம், தரவு பற்றிப் பேசாமல், சும்மா உட்கார்ந்திருக்க விட வேண்டும்.

சீட்டுகள், குவியல்கள்

பேச்சுக் குறிப்புகளைத் தட்டச்சு செய்து, ஒரு கருத்துக்கு ஒரு சீட்டாக வெட்டி, மேசையில் கொட்டிவிட வேண்டும். நூறு நூற்றைம்பது சீட்டு வரும். ஒன்றுபோல் தோன்றுபவற்றைக் குவித்து, குவியலுக்குப் பிறகு பெயர் வைக்க வேண்டும். பெரியவர்கள் வைக்கும் பெயர் 'பண்பாட்டுப் புரிதல் குறைபாடு'. பிள்ளைகள் வைக்கும் பெயர் 'திருத்தினாலும் கேட்காதவர்கள்'. இரண்டாவதை வைத்துக்கொள்ளுங்கள். யார் என்ன செய்ய வேண்டும் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது. எதிலும் சேராதவற்றுக்கு 'மிச்சம்' என்று ஒரு குவியல் வேண்டும். அதை அவசரப்பட்டுக் கரைக்கக் கூடாது.

முப்பது சீட்டுகளை மட்டும் படியெடுத்து, இரண்டு இணைகளிடம் தனித்தனியாகக் கொடுத்துக் குவிக்கச் சொன்னால் வேறுபாடு வரும். பெரும்பாலும் சண்டை 'விளையாட்டுக்குச் சொன்னது' என்பதில்தான். 1993இல் லண்டனில் இனவெறியால் கொல்லப்பட்ட கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸின் கொலை விசாரணை பற்றி 1999இல் பிரிட்டனில் வந்த மேக்பர்சன் அறிக்கையின் வரையறை இங்கே உதவும்: பாதிக்கப்பட்டவரோ வேறு எவரோ இன அடிப்படையிலானது என்று கருதும் எந்த நிகழ்வும் இன அடிப்படையிலான நிகழ்வே. குற்றவாளியை முடிவு செய்ய அல்ல, பதிவு செய்து விசாரிப்பதற்கான வரையறை அது. சொன்னவர் மனதில் என்ன இருந்தது என்று குழு தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. சீட்டு கணக்கில் வரும். பள்ளி அதற்கு என்ன செய்தது என்பதும் கூடவே வரும்.

பிள்ளைகளும் தவறு செய்வார்கள். நெருங்கிய தோழிக்கு நடந்தது 'எல்லாருக்கும் நடக்கிறது' ஆகிவிடும். அறிக்கையின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'எத்தனை பேர், எத்தனை வகுப்பு' என்று ஓரத்தில் எழுத வைத்தால் இது அடங்கும். தங்கள் முடிவுக்கு எதிராக நிற்கும் பதில்களுக்கென்று அரைப் பக்கம் ஒதுக்கவும் வேண்டும்.

மூன்று பேரை மறைப்பது

பெயர் எழுதவில்லை என்பதால் ஆள் தெரியாது என்று நினைப்பது இந்த வேலையில் நடக்கும் ஆபத்தான தவறு. 10க்குக் குறைவான எந்த எண்ணையும் வெளியிடக் கூடாது என்று விதி வைத்தாலும் பொறி இருக்கிறது. மொத்தம் 40 என்று போட்டு, ஒரு பிரிவு 22, மற்றொன்று 15, மூன்றாவதை மட்டும் மறைத்தால், கழித்துப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் 3 என்று தெரிந்துவிடும். இரண்டு கட்டங்களை மறைக்க வேண்டும், அல்லது மொத்தத்தை நீக்க வேண்டும். வகுப்பு, பாலினம், நம்பிக்கை மூன்றையும் ஒரே அட்டவணையில் குறுக்கே போடவே கூடாது.

மேற்கோள்களில் இது இன்னும் மோசம். "தலைத்துணியோடு ஓட்டப் பந்தயத்துக்கு நின்றபோது" என்ற ஒரு வரி போதும். அப்படி ஓடும் பெண் பள்ளியில் ஒருத்தி என்றால் பெயரே எழுதியது போலத்தான். மேற்கோளைச் சொன்னவரிடமே காட்டி, எதை எடுக்கலாம் என்று கேட்க வேண்டும். விவரத்தை நீக்கலாம், புதிதாகப் புனையக் கூடாது. சிறு பிரிவுகளையெல்லாம் 'பிறர்' என்று ஒரே மூட்டையில் கட்டுவது எளிதான வழி. ஆனால் வாழ்நாள் முழுக்க 'பிறர்' கட்டத்தில் கோடு போட்டவர்களுக்கு இந்த ஆய்வும் அதையே செய்தால் வலிக்கும். எந்தெந்த நம்பிக்கைகள் என்று பெயர் சொல்லி, ஆள் தெரியாமல் காக்கவே எண்ணிக்கையைத் தரவில்லை என்று ஒரு வரி எழுதினால் போதும்.

பதில்

முன்வைப்பது பத்து நிமிடம். கண்டவை நான்குக்கு மேல் வேண்டாம். கேட்பவை மூன்று, ஒவ்வொன்றும் இன்ன பொறுப்பில் உள்ளவர், இன்ன தேதிக்குள் என்ற விவரத்தோடு. 'விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்' என்று கேட்டால், சுவரொட்டி ஒட்டிவிட்டு முடித்துக்கொள்வார்கள். வருகைப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் உச்சரிப்பைக் குறிப்பது, தேர்வு அட்டவணையைப் பண்டிகை நாள்களோடு ஒப்பிட்ட பிறகே அச்சிடுவது, 'மரியாதையின்மை' என்று எழுதினால் என்ன நடந்தது என்று ஒரு வரி சேர்ப்பது, வழிபாட்டு அறைச் சாவி எந்த நேரத்தில் யாரிடம் என்று அறிவிப்பது என்பவை கேட்கத்தக்கவை. செய்தார்களா இல்லையா என்று பிறகு பார்க்க முடியும்.

முப்பது நாளுக்குள் பள்ளியின் பதில் மூன்று பத்தியில் வர வேண்டும்: செய்கிறோம், செய்ய முடியாது, இன்னும் யோசிக்கிறோம். நடுப் பத்தியில் காரணம் கட்டாயம். காரணத்தோடு வரும் மறுப்பைப் பதின்ம வயதினர் ஏற்றுக்கொள்வார்கள். பதிலே வராததைத்தான் மறக்க மாட்டார்கள். அந்தத் தாளைத் தாள் நிரப்பிய எல்லா வகுப்புகளிலும் ஒட்ட வேண்டும், குழுவுக்கு மட்டும் காட்டினால் போதாது.

ஒலிப்பதிவுகளை அழிக்கும் தேதி வந்ததும் குழுவில் இருவர் முன்னிலையில் அழித்து, அழித்ததைக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம். அடுத்த ஆண்டுக் குழுவுக்கு இந்த ஆண்டில் இருந்த இளையவர்கள் மூன்று பேர் தொடர்வது நல்லது. புதியவர்கள் வந்ததும் கேள்விகளைத் திருத்த வேண்டும் என்பார்கள். அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனாலும் முன்னாண்டுக் கேள்விகளில் ஐந்தாறையாவது ஒரு சொல்கூட மாற்றாமல், அதே மாதத்தில், அதே நான்கு வார அளவோடு திரும்பக் கேட்க வேண்டும். புதிய கேள்விகள் அதற்குக் கீழே வரட்டும்.